கியர்பாக்ஸைப் பிரிக்கறதுக்கு முன்னாடி குச்சியை எடுத்துப் பாருங்க

போன தடவை குச்சிக்கிழங்கு விலையைப் பத்தி எழுதி எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டேன். இந்தத் தடவை விவசாயம் இல்லை. ஆனா கடைசியில விவசாயத்துக்குத்தான் வந்து நிக்கும், பொறுமையா படிங்க.

எங்க குப்பனூர் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன். சேலத்துல இருந்து ஏற்காடு போக ரெண்டு வழி. ஒண்ணு கோரிமேடு வழியா போற மெயின் ரோடு, 20 கொண்டை ஊசி வளைவு. இன்னொண்ணு எங்க ஊர் வழியா கொட்டச்சேடு பக்கமா ஏறுற ரோடு. மே மாசம் கோடை விழா நடக்கறப்ப மேல போன வண்டிகளை எங்க வழியாத்தான் இறக்கி விடுவாங்க. மழையில மெயின் ரோட்டுல மண்ணு சரிஞ்சாலும் எல்லா வண்டியும் எங்க ஊர்லதான் வந்து விழும். அதனால ரோட்டோரம் புகை கக்கிக்கிட்டு நிக்கிற கார், பிரேக் கருகின வாசனை, பானெட்டைத் திறந்து வெச்சுட்டு போன் பேசுற ஆளுங்க, இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். காட்டுல களை எடுத்துக்கிட்டே எத்தனையோ பேருக்குத் தண்ணி கொண்டு போய்க் கொடுத்திருக்கேன்.

அந்த மாதிரி ஒருநாள் நானும் நின்னேன்.

என்கிட்ட இருக்கறது 2011 மாடல் சின்னக் கார். ஆட்டோமேட்டிக், நாலு கியர். கம்பெனி பேரு வேண்டாம், அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்லை. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. "விவசாயிக்கு எதுக்கு ஆட்டோமேட்டிக்"னு ஊரே சிரிச்சது. காரணம் இருக்கு. 2017-ல கிணத்து மோட்டாரைத் தூக்கும்போது கயிறு நழுவி எனக்கு இடது முட்டி போச்சு. நடக்கலாம், மடக்கி அழுத்த முடியாது. கிளட்ச்சை நாலு தடவை மிதிச்சா ராத்திரி பூரா வலி. எனக்கு அந்தக் கார் ஆடம்பரம் இல்லை, ஊனுகோல்.

மகளை மலை மேல வாழவந்தி பக்கம் கட்டிக் கொடுத்திருக்கோம். அவளுக்கு ஏழாம் மாசம். பிரசவத்துக்கு இங்க கூட்டிட்டு வரணும். எங்க ரோட்டுல நினைச்ச நேரத்துக்கு பஸ் கிடையாது. ராத்திரி வலி எடுத்தா என் வண்டிதான் போகணும். அந்த நேரத்துலதான் வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சது.

முதல்ல சின்னதாத்தான். ரெண்டுல இருந்து மூணாவது கியருக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் 'உய்ங்'னு கத்தும், வண்டி முன்னால போகாது. ஒரு நொடி கழிச்சு பின்னால இருந்து யாரோ உதைச்ச மாதிரி ஒரு இடி. அப்புறம் சரியாயிடும். நானும் பழைய வண்டி தானேன்னு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு மகளுக்கு முருங்கைக்கீரையும் தேங்காயும் எடுத்துக்கிட்டு நானும் வீட்டுக்காரியும் மலை ஏறினோம். பாதி ஏத்தத்துல மீட்டர்ல ஓ.டி. விளக்கு மின்ன ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் வண்டி ஏறவே மாட்டேங்குது. முழுசா மிதிச்சாலும் ஊர்ந்துதான் போகுது. ஓரமா நிறுத்தி அணைச்சிட்டேன். "ஏங்க, இதுல புள்ளைய எப்படிங்க கூட்டிட்டு வருவீங்க?"ன்னு அவ கேட்டா. எனக்குப் பதில் வரலை. அரை மணி நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது! அப்படியே திருப்பி, லீவரை '2'ல போட்டு மெதுவா இறங்கி வந்துட்டோம். கீரை வாடிப் போச்சு.

மறுநாள் சேலத்துல ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனேன். ஒரு தம்பி ஏறி தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வந்தாரு. இறங்கினதும் சொன்னாரு: "கியர்பாக்ஸ் போச்சுங்க. இறக்கிப் பிரிக்கணும். 85,000 ஆகும். பிரிச்சா கூடவும் ஆகலாம்." பானெட்டைக்கூடத் திறக்கலை. வெளிய வந்தா டீக்கடையில ஒருத்தர், "அண்ணா, ஆட்டோமேட்டிக்கு பழசானா யானை செத்த மாதிரிதான். 40,000-க்கு பழைய வண்டி எடுக்கறவங்க இருக்காங்க, தள்ளி விடுங்க"ன்னாரு. ஒரு ஏக்கர் கிழங்குல செலவு போக எனக்கு நிக்கிற காசு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். 85,000-ன்னு கேட்டதும் காது அடைச்சிப் போச்சு.

அப்புறம் சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி அயோத்தியாப்பட்டணம் பக்கம் ஒரு பெரியவரைப் போய்ப் பார்த்தேன். தகரக் கொட்டகை, உதவிக்கு ஒரு பையன். வண்டியை நிறுத்தினதும் அவர் வண்டியைப் பார்க்கலை. என்னை உட்கார வெச்சுக் கேள்வியா கேட்டாரு.

"வண்டி சூடாகும் முன்னாடி இப்படிப் பண்ணுதா, சூடானப்புறமா?"

"சூடானப்புறம்தாங்க."

"சமதரையில? ஏத்தத்துல?"

"ஏத்தத்துல, வளைவுல அதிகம்."

"எந்தக் கியருக்கு மாறும்போது? விளக்கு மின்னுச்சா? அணைச்சுப் போட்டா சரியாச்சா? ரிவர்ஸ் உடனே பிடிக்குதா?"

கடைசியா கேட்டாரு: "இதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை பார்த்தீங்க?"

யோசிச்சுப் பார்த்துட்டு, "ஆறு மாசம் முன்னாடி வேற ஒரு இடத்துல ரேடியேட்டர் மாத்தினேங்க"ன்னேன். அவர் முகத்துல ஒரு சிரிப்பு. "வாங்க, குச்சியைப் பார்ப்போம்"னாரு.

எங்க கால்நடை டாக்டரும் இப்படித்தான். மாடு தீனி எடுக்கலைன்னா ஊசியைத் தூக்க மாட்டாரு. நேத்து என்ன போட்டே, சாணி எப்படி இருக்கு, அசை போடுதான்னு கேட்டுட்டுத்தான் மாட்டைத் தொடுவாரு. ஒர்க்‌ஷாப்புல அந்த மாதிரி ஆளை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

அவர் சொல்லிக் கொடுத்ததை எனக்குப் புரிஞ்ச அளவுக்கு எழுதறேன்.

கிளட்ச் பெடல் உள்ள வண்டியில எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரு தட்டு உரசி இணைக்குது. பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்குல அந்த இடத்துல ஆயில்தான் இருக்கு. டார்க் கன்வெர்ட்டர்னு பேரு. ரெண்டு மின்விசிறியை எதிரெதிரா வெச்சு ஒண்ணை ஓட விட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா, அதே கதை. காத்துக்குப் பதிலா ஆயில். ஹெர்மன் ஃபோட்டிங்கர்னு ஒரு ஜெர்மன்காரர் 1905-ல கப்பலுக்காகக் கண்டுபிடிச்சது. அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்ல முழு ஆட்டோமேட்டிக் கியரைப் போட்டு வித்தாங்க. ஆக இது புதுசா வந்த மாயம் ஒண்ணும் இல்லை. எங்க தாத்தா ஏத்தம் இறைச்ச காலத்துச் சமாச்சாரம்.

உள்ளே ஒரு பம்பு ஆயிலை அழுத்தத்தோட தள்ளுது. அந்த அழுத்தம்தான் உள்ளே இருக்கற கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்குது. எந்தத் தட்டை இறுக்கணும், எதை விடணும்னு கம்ப்யூட்டர் சொல்லும். மின்சாரத்துல திறந்து மூடுற சோலினாய்டு வால்வு அதைச் செய்யும். சொட்டுநீர்ப் பாசனம் போட்டவங்களுக்குச் சட்டுனு புரியும். மோட்டார், மெயின் லைன், வால்வு, கடைசியில செடி. தொட்டியில தண்ணி குறைஞ்சு மோட்டார் காத்து இழுத்தா கடைசிச் செடிக்குத் தண்ணி போகாது. அதுக்காக யாராவது செடியைப் பிடுங்கிப் பார்ப்போமா? முதல்ல தொட்டியைத்தானே பார்ப்போம்?

தொட்டியைப் பார்க்கறதுதான் அந்தக் குச்சி. டிப்ஸ்டிக்.

சமதரையில நிறுத்தி, நல்லா ஓடிச் சூடான வண்டியை ஐடில்ல ஓட விட்டு, பிரேக்கை மிதிச்சுக்கிட்டு லீவரை எல்லா இடத்துக்கும் ஒரு தடவை நகர்த்தி, திரும்ப பார்க்கிங்ல கொண்டு வந்து பார்க்கணும். என் வண்டிக்கு அதுதான் முறை. சில கம்பெனி வண்டிக்கு எஞ்சினை அணைச்ச உடனே பார்க்கணும், சிலதுல குச்சியே இருக்காது. வண்டியோட வந்த புத்தகத்துல எழுதியிருக்கும், அதைப் பாருங்க. குச்சியில சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும். சூடா இருக்கும்போது சூட்டுக் கோட்டைத்தான் பார்க்கணும்.

என் வண்டியில ஆயில் அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழே. பெரியவர் துணியில துடைச்சுக் காமிச்சாரு. பழுப்பு நிறம். மோந்து பார்க்கச் சொன்னாரு. "கருகின வாசனை இருக்கா?" இல்லை. "அப்ப இன்னும் உயிர் இருக்கு"ன்னாரு.

ஆயில் நிறத்துலயே பாதி கதை இருக்குங்க. இந்த ஆயில் பெரும்பாலும் புதுசுல சிவப்பா இருக்கும். பழுப்பானா வயசாயிடுச்சுன்னு அர்த்தம். கருத்து, தீஞ்ச வாசனை வந்தா உள்ளே தட்டு எரிஞ்சிருக்கு. ஸ்ட்ராபெர்ரி பால் மாதிரி வெளிறிக் கலங்கியிருந்தா ரேடியேட்டர் தண்ணி உள்ளே கலந்திருக்கு, அதோட ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க. நுரையா இருந்தா ஆயில் அளவுக்கு மேல ஊத்தியிருக்கலாம். குறைஞ்சாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்.

சரி, ஆயில் எங்கே போச்சு? இந்த ஆயிலைக் குளிர வைக்க என் வண்டி மாதிரி நிறைய வண்டியில ரேடியேட்டருக்குள்ளயே ஒரு குழாய் இருக்கும். கியர்பாக்ஸ்ல இருந்து ரெண்டு ரப்பர் ஹோஸ் அங்கே போகும். ரேடியேட்டர் மாத்தினவங்க பழைய கிளிப்பையே திரும்ப மாட்டியிருக்காங்க. அதுல நாளுக்கு நாலு சொட்டு. நான் வண்டியை மாட்டுக் கொட்டாய் ஓரம் மண் தரையில நிறுத்தறவன். கீழே வைக்கோலும் சாணியும். எண்ணெய் சொட்டினா எனக்கு எப்படித் தெரியும்? அது போக எஞ்சினுக்கு அடியில இருக்கற பிளாஸ்டிக் தட்டுல பாதி தேங்கிக் கிடந்துச்சு. ஆறு மாசம் அப்படியே போயிருக்கு.

ஏத்தத்துல, வளைவுல வண்டி சாயும்போது இருக்கற கொஞ்ச ஆயிலும் ஒரு பக்கமா ஒதுங்கிடும். பம்பு காத்து இழுக்கும். அழுத்தம் போகும். தட்டு வழுக்கும். அதுதான் அந்த 'உய்ங்'. அப்புறம் ஆயில் திரும்பி வந்து தட்டு படக்குனு பிடிக்கும். அதுதான் அந்த இடி.

நான் அவ்வளவுதான்னு எழுந்தேன். "உட்காருங்க, ஒரு வியாதிக்கு ஒரு காரணம்தான்னு முடிவு பண்ணிடாதீங்க"ன்னு ஸ்கேனர் பெட்டியை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினாரு. மூணு கோடு வந்துச்சு. பி0700-ன்னா 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்ல ஒரு புகார் இருக்கு'ன்னு மட்டும்தான் அர்த்தம். வீட்டு வாசல்ல காலிங் பெல் அடிக்கிற மாதிரி. யாரு, என்னன்னு அது சொல்லாது. பி0730-ன்னா போட்ட கியருக்கும் சுத்துற வேகத்துக்கும் கணக்கு ஒத்து வரலை. அது தட்டு வழுக்கினதால வந்திருக்கும். மூணாவது பி0720. கியர்பாக்ஸ்ல இருந்து வெளிய வர்ற வேகத்தை அளக்கற சென்சார்ல கோளாறு.

இங்கதான் பல பேரு ஏமாறுறாங்கன்னு சொன்னாரு. கோடு சென்சார் பேரைச் சொன்னா உடனே சென்சாரை மாத்திடறாங்க. கோடு சொல்றது 'அந்த வழியில தகவல் சரியா வரலை'ன்னு மட்டும்தான். சென்சார் கெட்டிருக்கலாம், கனெக்டர் துரு பிடிச்சிருக்கலாம், வயர் போயிருக்கலாம். டார்ச் அடிச்சு அந்த வயரைப் பிடிச்சுக்கிட்டே போனாரு. ஒரு இடத்துல நிறுத்தி என்னைக் கூப்பிட்டுக் காமிச்சாரு. எலி கடிச்சிருக்கு! மேல் தோல் போய் செம்புக் கம்பி பளபளன்னு தெரியுது. ஏத்தத்துல எஞ்சின் கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கும்போது அந்தக் கம்பி இரும்புல ஒட்டும். தகவல் அறுந்து போகும். கம்ப்யூட்டர் குழம்பிப் போய், 'இதுக்கு மேல நான் கியர் மாத்த மாட்டேன், வீட்டுக்கு மட்டும் போய்ச் சேரு'ன்னு ஒரே கியர்ல நின்னுடும். என்னோட மாதிரி நாலு கியர் வண்டியில பெரும்பாலும் அது மூணாவது. மூணாவது கியர்ல எங்க மலையை ஏற முடியுமா? அணைச்சுப் போட்டா மறுபடி முதல்ல இருந்து தொடங்கும். அதனாலதான் அரை மணி நேரத்துல 'குணமாச்சு'.

அந்த எலி என் கடலைக்கொடிப் போர்ல குடியிருந்த எலி. நான் வளர்த்த எலின்னே சொல்லலாம்.

வயரை ஒட்டி, குழாய் போட்டு மூடி, ஹோஸும் கிளிப்பும் புதுசு போட்டாரு. பழைய ஆயிலை இறக்கினா மொத்தத்துல பாதிதான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டருக்குள்ள நிக்கும். அதனால இறக்கி, ஊத்தி, கொஞ்சம் ஓட்டி, இன்னொரு நாள் மறுபடி இறக்கினாரு. அழுத்தம் கொடுத்து ஒரேயடியா கழுவித் தள்ளறது பழைய வண்டிக்கு வேண்டாம்னாரு, அதை நானும் ஒத்துக்கிட்டேன். இறக்கற போல்ட்டுல ஒரு காந்தம் இருந்துச்சு. அதுல சேறு மாதிரி சாம்பல் நிறத்துல மெல்லிசாப் பூசியிருந்தது. அது தேய்மானம், சகஜம். செதிலா, துண்டா இரும்பு இருந்தாத்தான் பயப்படணும். எனக்கு இல்லை.

செலவுக் கணக்கு: ஆயில் 7 லிட்டர் 4,550. ஹோஸ், கிளிப் 400. வயர் வேலை 300. கூலி 1,500. அப்புறம் 'பார்த்த கூலி'ன்னு தனியா 800. மொத்தம் 7,550 ரூபாய். முதல்ல கேட்டது 85,000.

இப்ப என் கருத்துக்கு வர்றேன். இதைப் படிச்சுட்டு 'பாரு, மெக்கானிக் எல்லாம் திருடன்'னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்த 800 ரூபாயைக் கேட்டப்ப என் மனசு என்ன சொல்லுச்சு தெரியுமா? "சும்மா பார்த்ததுக்கு 800-ஆ?" ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டு, மோந்து பார்த்து, வயரைத் தடவி, என் 77,000 ரூபாயை மிச்சம் பண்ணிக் கொடுத்த மனுசனுக்கு 800 கொடுக்க எனக்கு மனசு வரலை! ஆனா 85,000 சொன்ன இடத்துல பாகம் மாத்தியிருந்தா அழுதுக்கிட்டாவது கொடுத்திருப்பேன். கண்ணுல தெரியற இரும்புக்குக் காசு கொடுப்போம். அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். தப்பு அங்கதான் இருக்கு. பார்க்கறதுக்குக் கூலி இல்லைன்னா எந்த மெக்கானிக்கும் பார்க்க மாட்டான். பாகத்தை மாத்தித்தான் பிழைப்பான். நம்ம கஞ்சத்தனம்தான் அவங்களை அப்படிப் பழக்கி வெச்சிருக்கு.

வயல்லயும் இதேதானே பண்றோம்? கிழங்குச் செடி மஞ்சளாச்சுன்னா உடனே ஒரு மூட்டை யூரியா. சுண்ணாம்பு மண்ணுல இரும்புச் சத்து எடுக்காம இளம் இலை வெளுக்கும். அதுக்கு அன்னபேதி உப்புதான் தெளிக்கணும். தேமல் நோயா இருந்தா வெள்ளை ஈ பரப்புற வைரஸ், அதுக்கு யூரியா ஒண்ணும் பண்ணாது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்க நேரமில்லை, ஆனா உரக்கடையில கடன் வைக்க நேரம் இருக்கு. நானும் அப்படிப் பண்ணினவன்தான், யாரையும் குத்திக் காட்டலை.

எல்லா வண்டிக்கும் 7,550-ல முடியும்னும் நினைச்சுடாதீங்க. என் மச்சானுக்கும் இதே மாதிரி வண்டி. அவருக்கும் முதல்ல இந்த 'உய்ங்'தான் வந்துச்சு. "ஓடுது இல்ல மாமா"ன்னு எட்டு மாசம் ஓட்டினாரு. பெரியவர்கிட்ட கூட்டிட்டுப் போனப்ப ஆயில் தார் மாதிரி கறுப்பு, தீஞ்ச வாசனை, காந்தத்துல செதில் செதிலா இரும்பு. "இதுக்கு ஆயில் மாத்தி பிரயோசனம் இல்லை, பிரிச்சே ஆகணும்"னு நேராவே சொல்லிட்டாரு. மச்சான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு வண்டியை வித்துட்டாரு. ரெண்டு வண்டிக்கும் வித்தியாசம் அந்த எட்டு மாசம்தான்.

அதனால பழைய ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கவங்க இந்த வரிசையை மனசுல வெச்சுக்கோங்க. முதல்ல எப்ப, எங்க, எந்தக் கியர்ல கோளாறு வருதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. அடுத்து ஆயில் அளவு, நிறம், வாசனை. அடுத்து கசிவு. அடுத்து பேட்டரி, எர்த் வயர், கனெக்டர், எலி. அப்புறம் ஸ்கேனர். எஞ்சின் மவுண்ட் ரப்பர் போயிருந்தாலும் கியர் மாறும்போது இடி மாதிரி கேட்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் உள்ளே இருக்கற சோலினாய்டு, வால்வு. கியர்பாக்ஸைப் பிரிக்கறது கட்டக் கடைசி. யாராவது இதுல முதல் மூணையும் பார்க்காம நேரா கடைசிக்குத் தாவினா, சாவியை வாங்கிட்டு வந்துடுங்க.

ஆயில் வாங்கும்போது 'ஆட்டோமேட்டிக் ஆயில்'னு பொதுவாக் கேட்டு வாங்காதீங்க. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ரகம். சிவிடி வண்டிக்கு முற்றிலும் வேற, மாத்தி ஊத்தினா பெல்ட்டே போயிடும். 2014-ல மாருதி செலேரியோவோட ஆரம்பிச்சு இப்ப நிறைய வர்ற ஏஎம்டி வண்டிக்கு நான் சொன்ன குச்சிக் கதை பொருந்தாது. அதுல இருக்கறது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிச்சு கியர் போடறதை நமக்குப் பதிலா ஒரு கருவி செய்யுது. அதை ஏத்தத்துல பிரேக் பிடிக்காம ஆக்சிலேட்டர்லயே தாங்கி நிறுத்தினா கிளட்ச் தட்டு தீஞ்சிடும். எங்க ரோட்டுல மே மாசம் நெரிசல்ல மூக்கைப் பொத்திக்கிட்டு நான் பார்க்கறதுல பாதி அதுதான்.

கடைசியா, எங்க ஊர் வழியா இறங்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆட்டோமேட்டிக்ல 'டி'-யிலயே போட்டுட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீங்க. '2' இல்லைன்னா 'எல்'-ல போடுங்க, எஞ்சின் பிடிச்சுக்கும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறங்கவே இறங்காதீங்க. சரிவுல நிறுத்தும்போது முதல்ல ஹேண்ட் பிரேக், அப்புறம் 'பி'. வண்டி நின்னுட்டா தள்ளி ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீங்க, ஆகாது. கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓடாதப்ப உள்ளே ஆயில் சுத்தாது, சக்கரம் உருண்டா கியர்பாக்ஸ் காய்ஞ்சு போயிடும். லாரி மேல ஏத்தித்தான் கொண்டு போகணும்.

எலிக்கு நான் என்ன பண்ணினேன்னு கேட்பீங்க. கடலைக்கொடிப் போரை வண்டிகிட்ட இருந்து தூரமா மாத்திட்டேன். வாரம் ஒருநாள் பானெட்டைத் திறந்து பார்க்கறேன். வண்டிக்கு அடியில பழைய சிமெண்ட் சாக்கு ஒண்ணு விரிச்சிருக்கேன். ஒரு சொட்டு விழுந்தாலும் காலையில தெரிஞ்சிடும்.

வேலை முடிஞ்ச மூணாம் நாள் பெரியவரையே பக்கத்துல உட்கார வெச்சு கொட்டச்சேடு வரைக்கும் ஏறினேன். விளக்கு மின்னலை, இடி இல்லை. அவர் வழியெல்லாம் ஜன்னல்ல காப்பிச் செடியைப் பார்த்துக்கிட்டே வந்தாரு. வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அதுவே எனக்கு சர்டிபிகேட்.

போன மாசம் மகளைக் கூட்டிட்டு வந்துட்டோம். வீட்டுக்காரி பின்னால அவளைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. ஒவ்வொரு வளைவுலயும் 'மெல்ல, மெல்ல'ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. நான் '2'-லயே வந்தேன். இந்தப் பதிவை எழுதற நேரம் ரெண்டு பேரும் திண்ணையில பூ கட்டிக்கிட்டு இருக்காங்க.

உங்க வண்டியில குச்சி எங்க இருக்குன்னு தெரியாட்டி, இன்னைக்கு சாயங்காலம் பானெட்டைத் திறந்து தேடிப் பாருங்க. அந்த ஒரு வேலைக்குக் காசு ஆகாது. அடுத்து உளுந்து விதைப்பு பத்தி எழுதறேன். வர்றேங்க.